பொங்கல் சாம்பாருக்கு ஒரு காலிஃபிளவர்

இடது கையில் குடை, வலது கையில் பூவாளி. கொட்டுகிற டிசம்பர் மழையில் தங்கராஜு தன் வீட்டு முன்புறச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். குடை அவருக்கு மட்டும்தான். சாக்கடை நிரம்பி ரோட்டில் ஏறி, யாருடைய செருப்போ ஒன்று மிதந்து வந்து என் வாசலில் குடியேறிவிட்ட மழை அது.

“மழை பெய்யுதுலா தங்கராஜு,” என்றேன், எதிர்வீட்டிலிருந்து.

“தெரியுதுண்ணே. காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா ஊத்தணும்னு வீடியோவுல சொல்லியிருக்காங்க. மழையெல்லாம் கணக்குல வராது.”

வீடியோக்காரர் இருப்பது கோயம்புத்தூரில். தங்கராஜு இருப்பது மலேசியாவின் ஜோகூர் மாசாயில். நடுவில் ஒரு கடல் கிடப்பதை இருவரும் பொருட்படுத்துவதில்லை. மார்கழியில் அங்கே மழை விட்டுவிடுமாம், மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இவர் பார்த்துக்கொள்கிறார். பங்குனியில் அங்கே வெயில் தாங்காது என்று பச்சை வலை கட்டச் சொன்னால், இங்கே ஒரு வாரம் மூட்டம் போட்டிருந்தாலும் கட்டிவிடுவார். அந்த வலைக்குள் காளான் மட்டும் செழிப்பாக வந்தது.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயன ஆலையின் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்த்தே தலை நரைத்தவர். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பேனலில் விளக்கு பச்சையாக இருந்தால் உலகம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஓய்வு பெற்ற பிறகு பேனல் போய் கைப்பேசி வந்தது, அவ்வளவுதான். நானோ ரெங்கம் ரப்பர்த் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குக் கார் நிறுத்தும் இடத்தைச் சிமெண்ட் போட்டுக் கட்டியவன் நான். எதிலாவது ஒரு விரிசல் இருந்தால் காட்டட்டும். வானம் கறுத்தால் கலவை போட மாட்டேன். மேலே பார்த்துப் பார்த்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். தங்கராஜுவுக்கு மேலே பார்க்கும் பழக்கமே இல்லை.

இந்த மண்ணில் ஒன்றுமே விளையாது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தோட்டத்தில் எல்லாம் விளையும். வேலி ஓரத்தில் பப்பாளி தானாக முளைக்கும். தண்ணீர் தேங்கும் மூலையில் கங்கோங் கீரை கொழுத்து வளரும். எல்லாவற்றையும் களை என்று பிடுங்கி எறிந்துவிடுவார்.

“அலமாக், அதையாச்சும் குடுங்க. இறால் பெலாச்சான் போட்டுப் பிரட்டிடறேன்,” என்பார் அவர் மனைவி கஸ்தூரி.

“அது இந்த ஊர்ச் செடி கஸ்தூரி. தானா வருது. நான் வளர்த்தேன்னு எப்படிச் சொல்றது?”

தீபாவளியன்று தங்கராஜு வீட்டில் பெரிய வழக்கு. மகள் லோஷினியும் மருமகனும் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். வீட்டு முன்புறம் முழுவதும் தோட்டம் என்பதால் அவர்கள் கார் ரோட்டோரம் நிற்கிறது. யாரோ அதன் கதவை உரசிவிட்டுப் போய்விட்டார்கள். பலகார வேளைக்குப் போயிருந்த என் முன்னாலேயே கஸ்தூரி தீர்ப்புச் சொன்னார்.

“வர்ற பொங்கலுக்கு அந்த மண்ணுலேருந்து ஒரே ஒரு சாம்பாருக்குக் காய் வரணும். வரலைன்னா அண்ணனைக் கூப்பிட்டு முழுசா சிமெண்ட் போட்டுடுவேன். என்னண்ணே, போடுவீங்கதானே?”

வாயில் முறுக்கு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றிலிருந்து தங்கராஜு என்னை, தூக்குப் போட வந்தவனைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்.

ஒரு சாம்பாருக்கு என்ன வேண்டும்? நாலு வெண்டைக்காய் போதும். கத்தரி போதும். தங்கராஜு தேர்ந்தெடுத்தது காலிஃபிளவர். அதற்குக் குளிர் வேண்டும், இங்கே கேமரன் மலையில்தான் வரும் என்று சந்தையில் காய் வாங்குகிற குழந்தைக்கும் தெரியும். தங்கராஜுவுக்கும் தெரிந்திருந்தது. அதனால் குளிரை வரவழைத்தார்.

மெர்சிங்கிலிருந்து வேனில் மீன் கொண்டுவரும் அர்ச்சுனன் எங்கள் தெருவில்தான் வியாபாரத்தை முடிப்பான்.

“என்னண்ணே, தினம் ஐஸ் மட்டும் கேக்குறீங்க. மீனு வாங்க மாட்டீங்களா?”

“மீனை நீ வித்துக்கப்பா. எனக்கு ஊட்டி வேணும்.”

மிச்ச ஐஸைப் பையில் கட்டிச் செடிகளைச் சுற்றி அடுக்குவார். ஊட்டி வந்ததோ இல்லையோ, தாமானில் உள்ள பூனைகள் அத்தனையும் வந்தன. மீன் வாசம் அடிக்கும் பாத்தியைச் சுற்றி உட்கார்ந்து, எப்போது பரிமாறுவார்கள் என்று காத்திருந்தன. “எலிக்குக் காவல்ண்ணே,” என்றார் தங்கராஜு.

மழை நிற்கவில்லை. நாற்றுகள் ஒவ்வொன்றாக அழுகின. ஒன்று மட்டும் பிழைத்தது. அதற்கு ஒரு பழைய குடையை நட்டு வைத்தார். வெயில் அடித்த ஒரு நாளில் தானும் நின்று விசிறினார். நான் சிரித்தேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

பொங்கலன்று அதை அறுத்தார். ஓர் எலுமிச்சை அளவு இருந்தது. கஸ்தூரி அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாம்பாரில் போட்டார். என்னையும் சாட்சிக்குச் சாப்பிட அழைத்திருந்தார்கள்.

“நல்லாக் கிண்டிப் பாருங்கண்ணே, அடியில இருக்கும்,” என்றார் கஸ்தூரி.

அது மருமகன் இலைக்குப் போயிருந்தது. அவர் அதைத் தேங்காய்ச் சில்லு என்று எண்ணி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார். தங்கராஜு அந்த இலையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசத்துக்குச் சோறு வாங்கவில்லை.

“நாளைக்கு வந்து அளந்துருங்கண்ணே,” என்றார் கஸ்தூரி, மோர் ஊற்றிக்கொண்டே.

மறுநாள் அளவு நாடாவோடு போனேன். கஸ்தூரி கதவில் நின்றார். பாத்தி துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

“தங்கராஜு, இந்த முனையைக் கொண்டுபோய்ச் சுவர்ல வைங்க.”

வாங்கிக்கொண்டு நடந்தார். சுவருக்கு இரண்டடி முன்னாலேயே நின்று, என் பக்கம் திரும்பி, நாடாவின் முனையைத் தன் முழங்காலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரை ஒட்டிய அந்த இரண்டடி மண் மட்டும், விதை போட்டதுபோல், புதிதாகக் கொத்திவிடப்பட்டிருந்தது.

“சுவர்ல வைக்கச் சொன்னேன்.”

“சுவர்லதாண்ணே இருக்கு.”

கண் இமைக்காமல் என்னையே பார்த்தார்.

“எவ்வளவுண்ணே வருது?” என்றார் கஸ்தூரி கதவிலிருந்து.

என் தொழிலில் அளவு தப்பியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நாடா காட்டியதைச் சத்தமாகப் படித்தேன்.

“அவ்வளவுதானா? கார் நிக்குமா?”

“நிக்கும்மா. மூக்கு கொஞ்சம் நெருக்கி நிக்கும்.”

தங்கராஜு விரலை எடுத்தார். நாடா சரசரவென்று என் கைக்கு ஓடி வந்தது. அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எங்களைப் பார்த்தபடியே ஒரு காலைப் பின்னால் நீட்டி, கொத்திவிட்ட மண்ணைக் குதிகாலால் தடவித் தடவி அமுக்கினார்.