ஆம்பூரில் ஒரு கடற்கரைப் பழம்

முற்பகல் 11.40. சத்துவாச்சாரி வீட்டில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் யாழினி, ஆம்பூர் அருகே ஒரு நிலத்தில் செடிகள் பார்க்கப் போனவள், கைபேசியில் அழைத்தாள். "அம்மா, கடலோரத்துல வளர்ற மரம் இங்க இருக்கு! பழம்கூட ஒண்ணு தின்னுட்டேன். ஐயோ..." அதோடு பேச்சு நின்றது. திரும்பக் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை.

கடலோர உதளைக்காய் ஆளைக் கொல்லும் என்று எப்போதோ படித்திருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று இன்றுவரை நினைவில்லை.

12.25. வேலூர் புதிய பேருந்து நிலையம். ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பக்கத்து இருக்கையில் மேரி, ஷூ கம்பெனியில் தையல் வேலை.

"இன்னாக்கா, இவ்ளோ பேஜாரா கீற?"

சொன்னேன். சிரித்துவிட்டார். "எங்க ஊரு ஏழுமலைண்ணன் நிலம் அது. நோனிப் பழம்க்கா. ஒண்ணும் ஆவாது, நாத்தந்தான் ஜாஸ்தி. அவரு பழத்தோட வந்தா நாங்க தெருவ மாத்திக்குவோம்."

பள்ளிகொண்டா தாண்டியும் அவள் எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன். இவர் நோனி என்கிறார், அவள் தின்றது வேறாக இருந்தால்?

1.50. மேரி சொன்ன வழியில், ஆம்பூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். தொழிற்சாலைகளில் தோல் கழுவிய உப்புத்தண்ணீர் பல காலம் ஊறி, நிலம் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. நடுவே பளபளக்கும் பெரிய இலைகளோடு பன்னிரண்டு மரங்கள். உருளைக்கிழங்கு அளவுப் பழம், உடம்பெல்லாம் கண்கள். காயின் மேலேயே வெள்ளைப் பூக்கள் பூத்திருந்தன.

"தென்னை செத்துச்சி, கத்திரி செத்துச்சி. கடலோரத்துலேர்ந்து கன்னு கொண்டாந்தேன். இது மட்டும் உப்புக்கு பயப்படல," என்றார் ஏழுமலை. தோல் தொழிற்சாலையில் மயிர் நீக்கும் குழியில் முப்பது வருடம் நின்றவர்.

"என் பொண்ணு எங்கங்க?"

"இன்னும் வாய் நாத்தம் போவலன்னு மறுக்கா கொப்புளிக்கப் போய்க்கீதும்மா. இங்க தண்ணி உப்பு. என் வூட்டுக்காரி நல்ல தண்ணிக் கொழாய்க்கு கூட்டினு போய்க்கீறா. போட்டோ புடிச்சே போன்ல சார்ஜ் பூட்ச்சாம். நல்லா கனிஞ்சதாதான் பாத்துக் குடுத்தேன், ஏன் மூஞ்ச சுளிச்சிதுன்னு தெர்ல."

கனிந்ததா? அவர் நீட்டிய பழம் கண்ணாடிபோல் உள்தெரியக் குழைந்து, ஒரு வாரத்துப் புளித்த தயிராக நாறியது. அவர் அதை ஆசையாக முகர்ந்தார். குழி நாற்றத்தில் மரத்துப்போன மூக்கு. விருந்தாளிக்கு நல்லதாகப் பொறுக்கித் தரும் மனசு.

"பொய் சொல்வேனாம்மா? அதே மரத்துப் பழந்தான்," என்றார் என் சந்தேகப் பார்வையைக் கண்டு.

வாங்கிக் கடித்தேன். நம்பியதால் அல்ல. அவளுக்கு ஏதாவதென்றால் எனக்கும் ஆகட்டும் என்றுதான். கண்ணில் நீர் வந்தது, நாற்றத்தால் மட்டுமல்ல.

2.20. வரப்பில் இடுப்புக் குடத்தோடு யாழினி வந்தாள். என் கையில் பாதிப் பழத்தைக் கண்டதும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஐம்பத்தாறு கிலோமீட்டரும் நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த கேள்வியை அவள் கேட்டாள்:

"அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"