வழக்கில் முதல் பெயர்

அமெரிக்காவின் ஏரிக்கரை நகரமான ஈரியில், ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்துபவள் லோர்னா பெட்ராக். பாதி ஆயுளை அங்கேயே கழித்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

முதலாளி ஹாலிங்கர் தொழிலாளிகளின் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தன் மருமகனின் முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்து வைத்திருந்தார். சம்பளத்தில் பிடித்த பணம் வளர்ந்ததோ இல்லையோ, அதை நிர்வகிக்க மருமகன் எடுத்துக்கொண்ட கட்டணம் வருஷாவருஷம் வளர்ந்தது. ஓய்வு பெற்றுப் போன ஒருவர், கைக்கு வந்த தொகை போதாமல் மறுபடி வேலை கேட்டு வாசலில் நின்றபோதுதான் விஷயம் வெடித்தது. எல்லோரும் கொதித்தார்கள். அவர்கள் தேடிப்போன வக்கீல், "எல்லாருக்குமா ஒரே வழக்கு. வழக்குப் போடறவங்கன்னு முதல்ல யார் பேரை எழுதட்டும்?" என்று கேட்டதும் கொதிப்பு அடங்கிவிட்டது.

"என் பேரைப் போடுங்க," என்றாள் லோர்னா.

அடுத்த வாரமே அவளைச் சரக்கேற்றும் வாசலுக்கு மாற்றினார்கள். ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் இடம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசையை விட்டு எல்லோரும் எழுந்து போனதைத்தான் தாங்க முடியவில்லை. அவளோடு ஒரே அணியில் வாராவாரம் பந்துருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் ஆடிய கெயில், தட்டோடு நின்றபடியே கேட்டாள்:

"கம்பெனிய மூடிட்டா என் வீட்டுக் கடனை நீயா கட்டுவ? உனக்கென்ன, புள்ளையா குட்டியா."

"திருடினவனை விட்டுட்டு என்கிட்ட வந்து குலைக்கிற."

"இனிமே ஆட்டத்துக்கு வராத. உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

விசாரணையில் கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கணக்கு விவரம் வருஷாவருஷம் வீட்டுக்கு வந்ததே, படிச்சீங்களா?"

"இல்ல."

"படிக்காமலே ஏமாத்திட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

லோர்னா முகம் சிவந்து, "நம்பினேன், அதான் படிக்கல," என்றாள். வெளியே வந்து காரின் டயரை உதைத்தாள், கால்தான் வீங்கியது.

ஐந்து வருஷம் இழுத்து, தீர்ப்புக்கு முன்பே கம்பெனி சமரசத்துக்கு இறங்கியது. மருமகனிடமிருந்து சேமிப்பு வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. எல்லோருக்கும் இழப்பீட்டுக் காசோலை வந்தது. ஒருவரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை.

கடை வாசலில் கெயில் வழிமறித்தாள். "பேர் கொடுத்ததுக்கு உனக்குத் தனியா வேற கொடுத்தாங்களாமே?"

"ஆமா. அஞ்சு வருஷம் உங்க மூஞ்சியப் பார்த்த கூலி."

கெயில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லோர்னா சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளைக் கடந்து போனாள்.