பழைய இறக்கைக்கு மெழுகு

எங்கள் விமான நிலையத்து ஊழியை போர்ஹில், ஒரு விமானத்துக்கு மெழுகு தேய்த்துவிட்டாள் என்ற செய்தியை எனக்குச் சொன்னது கூட்டுறவுக் கடையில் கல்லாவில் உட்காரும் தூரி. தூரிக்குச் சொன்னது அவள் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னது படகில் பக்கத்து இருக்கையில் வந்த யாரோ.

"பனிச்சறுக்குக் கட்டைக்குத் தேய்க்கிற மெழுகுதான். ரெண்டு இறக்கையிலயும். நாளைக்கு விமானம் மேல போகாம, தரையிலயே வழுக்கிக் கடலுக்குப் போயிடும்னு பேசிக்கிறாங்க," என்றாள், என் பால் பாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

நான் வேலை பார்ப்பது அந்த விமான நிலையத்தில்தான். பயணிகளின் சீட்டைப் பார்த்து உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. எங்கள் வடகோடித் தீவில், பக்கத்து மேசைச் சேதிகூடக் கடை வழியாகத்தான் வந்து சேரும். விசாரணை என்று வந்தால், யாருடைய பெயரை உச்சரிக்க வரவில்லையோ அவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்பது, அயல்நாட்டிலிருந்து வந்த என் பழைய பயம்.

மெழுகு தேய்த்தது உண்மைதான். ஆனால் பறக்கிற விமானத்துக்கு இல்லை. தீயணைப்புப் பயிற்சிக்கென்று ஓடுபாதை ஓரத்தில் கிடக்கும் பழைய இறக்கைக்கு.

போர்ஹில்லுக்கு அறுபதை நெருங்கும் வயது. பெட்டி ஏற்றுவாள், ஓடுபாதைப் பனியைத் தள்ளுவாள், தீப்பிடித்தால் அணைப்பாள். இதுவரை எதுவும் தீப்பிடிக்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. எல்லாவற்றையும்விட, குளிர்காலக் காலைகளில் லாரியில் பொருத்திய தூக்குக் கூடையில் உயரே போய், புறப்படப்போகும் விமானத்தின் இறக்கைகள்மீது கிளைகால் என்ற மருந்தைச் சூடாகப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பாள். இறக்கையில் பனியோடு எழும்பினால் விமானம் விழும். ஆகவே பீய்ச்சாமல் தீராது. பீய்ச்சியது வழிந்து, ஓடையில் இறங்கி, கீழே ஏரியில் சேரும். அங்கே அது மக்கும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைக் குடித்துவிடும். போன வசந்தத்தில் ஏரி உருகியபோது ரோய் மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன.

உறைந்த ஏரியைத் துளைத்துத் தூண்டில் போட்டு உட்காருவதுதான் போர்ஹில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை. கணவன் வேறொருத்தியோடு தெற்கே போன அன்றுகூட வேலைக்கு வந்தவள், மீன் மிதந்த அன்று விடுப்பு எடுத்தாள்.

"ஊத்துறதும் நான், அழுவுறதும் நான். நல்ல பொழப்பு," என்றாள் மறுநாள்.

அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் மெழுகு யோசனை. பனி ஒட்டாமல் வழுக்கிவிட்டால் கிளைகால் எதற்கு? பழைய இறக்கையில் பட்டை பட்டையாகக் கோடு போட்டு, பட்டைக்கு ஒரு மெழுகு தேய்த்தாள். மேலாளர் யூஸ்டெய்ன் ஓடி வந்தார்.

"போர்ஹில், இது அரசாங்கத்து இறக்கை."

"கொளுத்திப் பாக்கத்தானே வெச்சிருக்கே. கொளுத்தலாம், தேய்க்கக் கூடாதா?"

யூஸ்டெய்ன் கோபமாகத் திரும்பிப் போனார். மறுநாள் காலை தன் வீட்டிலிருந்து ஒரு பச்சை மெழுகு டப்பாவோடு வந்தார். "நீலத்தைப் போயா தேய்ச்சே? இந்தக் குளிருக்குப் பச்சைதான்."

விஷயம் பரவியதும் ஊரே வேலிக்கு வெளியே கூடிவிட்டது. எங்கள் தீவில் கடவுளைப் பற்றிச் சண்டை வராது. மெழுகைப் பற்றி வரும். நிச்சயமான கல்யாணமே நின்றிருக்கிறது. ஆளாளுக்கு வேலி இடுக்கு வழியாக ஒரு டப்பாவை நீட்டினார்கள். இரவில் பனி பெய்தது. விடிந்து பார்த்தால் யூஸ்டெய்னின் பட்டையில் பனி குழந்தை மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, இது மேடு ஏற வழுக்காம இருக்கத் தேய்க்கிற மெழுகுடா," என்றாள் போர்ஹில். "இறக்கை எந்த மலையில ஏறப் போவுது?"

ஒரே ஒரு பட்டையில் மட்டும் பனி சுத்தமாக வழுக்கி விழுந்திருந்தது. அது தண்ணீருக்கும் மண்ணுக்கும் கேடு என்று பனிச்சறுக்குப் பந்தயங்களிலேயே தடை செய்துவிட்ட பழைய மெழுகு. யார் கொடுத்தது என்று போர்ஹில் கேட்டாள். வேலிக்கு அப்பால் பாதிரியார் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"மீனைக் காப்பாத்த இதைத் தேய்ச்சா, மீனோட சேந்து நாமளும் மிதப்போம்," என்று சொல்லி, எல்லாவற்றையும் வழித்தெடுக்க நீளக் கம்பு வைத்த மென்துடைப்பத்தை எடுத்து வந்தாள். முதல் வீச்சிலேயே நின்றுவிட்டாள். மெழுகே படாத வெறும் பட்டையிலிருந்தும் பனி மாவாகப் பறந்திருந்தது. கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனி, ஒட்டவே இல்லை. இத்தனை வருடம் கூட்டித் தள்ள வேண்டியதை, மருந்தைக் கொட்டிக் கரைத்திருக்கிறோம்.

தலைமை அலுவலகத்துக்கு யூஸ்டெய்ன் எழுதினார். ஒரு காலை செய்து பாருங்கள் என்று பதில் வந்தது. விமானி திருப்தி என்று சொன்னால் இனி முதலில் துடைப்பம், மீதிக்கு மட்டும் கிளைகால். இல்லையென்றால் பழையபடிதான்.

அன்று வந்த விமானி ஹென்னிங், தலைநகரத்துப் பையன்.

"வீட்டைக் கூட்டுற மாதிரி கூட்டிட்டு, பறன்னு சொல்றியா?"

"என் வீட்டை நான் இவ்வளவு நல்லாக் கூட்டுனதே இல்ல. வா, தொட்டுப் பாரு."

எங்கள் விமானத்துக்கு இறக்கை உச்சியில். கையால் தடவிப் பார்க்கக் கூடையில் ஏறித்தான் ஆக வேண்டும். மேகத்துக்கு மேலே பறக்கிற மனிதர் கூடைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதைக் காத்திருப்பறைக் கண்ணாடி வழியாகப் பயணிகள் அனைவரும் பார்த்தார்கள்.

இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் கொஞ்சம் உறைந்திருந்தது. அதற்கு மெல்லியதாக ஒரு பீய்ச்சல். கிளைகால் தொட்டியின் அளவு முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. ஹென்னிங் கையுறையைக் கழற்றி ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவினார்.

"சுத்தமாத்தான் இருக்கு. இறக்கு."

"என்ன அவசரம், தெக்கத்தியானே? இங்கேருந்து ஏரி அழகாத் தெரியும். ஆபீஸ்ல என்ன சொல்லப் போறே?"

"சுத்தம்னு சொல்றேன். இறக்கு, போர்ஹில்."

"திருப்தின்னு சொல்லுவியா?"

"திருப்தி. ரொம்பத் திருப்தி. இறக்கித் தொலை."

விமானம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் முடிவைச் சொல்வதாகத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. நாங்கள் மூவரும் காப்பியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் யூஸ்டெய்ன் அதைக் கேட்டார்.

"மேல தொங்கவிட்டு வாங்குன வாக்கு, தரையில செல்லுமா?"

போர்ஹில் தன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றிக்கொண்டாள். மேசைமேல் இருந்த அவள் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. தலைமை அலுவலகத்து எண்.

"எடு," என்றார் யூஸ்டெய்ன்.

"அது அடிக்கிற வரைக்கும் மீன் உயிரோடதான் இருக்கு," என்று அவள் காப்பியை ஊதினாள்.

"அப்போ நீயாவது எடேன்," என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

நான் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். கைப்பேசி அடித்துக்கொண்டே, அங்குலம் அங்குலமாக மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.