சிவப்பு எரிந்தால் கதவைத் திற

செங்கம் சாலையில் எங்கள் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் பெரியப்பா குடும்பம். பெரியப்பா மகளும் நானும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள் எவ்வளவு வாங்கினாள் என்று கேட்காமல் அம்மா என் மார்க்கைப் பார்த்ததே இல்லை. அரை மார்க் குறைந்தாலும், நாற்பது மார்க் குறைந்தாலும் அம்மாவிடம் ஒரே முகம்தான். அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்கு, கம்ப்யூட்டரின் பிராசசர் இரண்டு எண்களை ஒப்பிடுவதை அவள் மாடலாகச் செய்தாள். தெர்மகோலில் எங்கள் ஊர்ப் பெரிய கோயில். பௌர்ணமிக் கூட்டத்துக்கு ராஜகோபுர வாசல், அம்மணி அம்மன் கோபுர வாசல் என்று இரண்டு கதவுகள். இரண்டு வரிசைகளிலும் எத்தனை பேர் என்று சுவிட்சில் வைத்தால், பிராசசர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வந்த விடையைத் தூர எறிந்துவிடும். முதல் எண்ணான ராஜகோபுர வரிசை சின்னது என்றால் சிவப்பு விளக்கு, சமம் என்றால் பச்சை. அவ்வளவுதான் அதன் ஞாபகம். அடுத்த ஒப்பீடு வந்தால் அதுவும் அழிந்துவிடும்.

புதிதாக வருபவர்களை வரிசை சின்னதாக உள்ள பக்கம் விட வேண்டும்: சிவப்பு எரிந்தால் ராஜகோபுரக் கதவு, பச்சை எரிந்தால் இரண்டும், எதுவும் எரியாவிட்டால் மற்ற கதவு. திறக்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு நான். சுவிட்ச் போடுவது, விளக்கம் சொல்வது, சிரிப்பது எல்லாம் அவள். எனக்கு வயிறு எரிந்தது.

நடுவராக வந்த சார் இரண்டு எண்கள் சொன்னார். ராஜகோபுர வரிசை சின்னது, சிவப்பு எரிந்தது. நான் கதவில் கை வைப்பதற்குள், "சமமா இருந்தா என்னா ஆவும்னு பாருங்க சார்" என்று அவள் சுவிட்சை மாற்றிவிட்டாள். இப்போது பச்சை. நான் இரண்டு கதவுகளையும் திறந்தேன்.

"நான் சொன்னதுக்கு ஒரு கதவுதான தெறக்கணும்? இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியலயே" என்றார் சார்.

"அவ மேல தப்பில்ல சார். அவ தெறக்கறதுக்குள்ள நான் அடுத்தத ஒப்பிட்டுட்டேன், பழசு அழிஞ்சிபோச்சி" என்றாள் அவள்.

சார் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். தப்பு செய்ததற்கும் பாராட்டு அவளுக்கே! என்னைக் காப்பாற்றியதற்காகவே அவளை இன்னும் வெறுத்தேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடை ஏறியதும் அவள்தான்.

சாயங்காலம் மாடிப்படி ஓரம் செருப்பைக் கழற்றும்போது, மேலே பெரியம்மா அவளிடம் பேசுவது கேட்டது.

"அவசரப்பட்டு மொத பரிச உட்டுட்டு வந்து நிக்கிற. கீழ இருக்கறவளப் பாரு, எவ்ளோ நிதானம். எப்பவும் அவளவிட நீ ஒரு படி கம்மிதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையாக நான் ஜெயித்திருக்கிறேன்! 'எப்பவும்' என்று பெரியம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. அது இனித்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அவள் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். பரிசு வாங்கிய திமிர் என்று அம்மாவிடம் சொன்னேன்.