கொடுவாச் செதில் புடவை

கொடுவா மீனின் செதிலை ஈரம் காயும் முன் நகத்தால் நெம்பினால் 'டிக்'கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். தெறித்துப் போய் அது எங்கே ஒட்டுகிறதோ, வெயில் பட்டதும் அங்கிருந்து யாரோ கண்ணாடியைக் காட்டிக் கூப்பிடுகிற மாதிரி மினுக்கும். கடலூர் 'ஓ.டி.'யில், இப்போது முதுநகர் என்கிறார்களே அங்கே, எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் என் மூக்கில்தான் ஒட்டியது. மீன் ஆயும் இடத்துக்கு அவ்வளவு கிட்டப் போய், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை தெருவிலேயே நான் ஒருவன்தான் என்பதால் செதில்மேல் குற்றம் இல்லை. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல், இரண்டு பேரும் மனம் கோணாமல் பிரிந்துவிட்ட காலம் அது. ஆகவே பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

அது யுத்தக் காலம். ஜப்பான்காரன் எந்நேரமும் வந்து குண்டு போடுவான் என்று கடலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த எங்கள் ஊர், அவன் நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஜார்ஜெட்டு' நின்றுபோயிற்றே என்று அதைவிட அதிகமாக விசனப்பட்டது. வேட்டிக்கும் புடவைக்குமே ரேஷன் கார்டோடு வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. பழைய சரக்காக எங்காவது ஒரு ஜார்ஜெட் தலைகாட்டினால், அது கடையிலிருந்து நேரே பெரிய வீட்டுப் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு புடவை வைத்திருந்தவள் சேத்தியாத்தோப்புச் சித்தி. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை; சித்தப்பாவுக்கு நெல் மிஷின் இருந்தது. ஆகாய நிறத்தில், உடம்பெல்லாம் சம்கி தைத்த புடவை அது. சித்தி அதைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் குனிந்து நுழையும்போது, உள்ளே இருந்த இருட்டு கொஞ்சம் நகர்ந்து வழிவிடும். மீனுக்கு அடுத்தபடி நான் வாயைப் பிளந்தது அந்தப் புடவைக்குத்தான்.

அம்மாவுக்கு ஒரே தம்பி வடிவேலு மாமா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அம்மாதான் வளர்த்தாள். அவர் படிப்புக்கு அவளுடைய தோடு முதலில் போயிற்று, பிறகு கல்யாணக் கூறைப்புடவையும் போயிற்று. படித்த மாமா சிதம்பரத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா ஆனார். ஆன கையோடு தெற்கு வீதிப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பெண் கொடுக்க முன்வந்தார். எங்கள் பக்கத்தில், மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளை அவனோடு பிறந்தவள் பின்னால் நின்று போடவேண்டும். 'நாத்தனார் முடிச்சு' என்பார்கள். விற்றதற்கெல்லாம் ஈடாக அம்மா எதிர்பார்த்திருந்தது அந்த முடிச்சு ஒன்றைத்தான்.

அதில்தான் சித்தி கை வைத்தாள்.

"பெரிய எடம்க்கா. அவுங்க வூட்டுப் பொம்பளைங்க அத்தினி பேரும் சம்கி ஜார்ஜெட்டுல மினுமினுன்னு வந்து நிப்பாங்க. நீ இந்தச் சாயம் போன பொடவையோட மணவறையில நின்னா தம்பிக்குத்தானே தலகுனிவு? நான் வேணா நிக்கறேன். நானும் அக்கா மொறைதானே?"

"பாக்கலாம்டி" என்றாள் அம்மா, கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே. அன்றைக்குக் குழம்பில் காம்பும் சேர்ந்து நறுக்கப்பட்டிருந்தது.

மாமா வந்து, கடன் வாங்கியாவது ஒன்று எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "தாலிக்கே நீ நாயா ஓடற, எனக்கு ஜார்ஜெட்டா?" என்று அம்மா அவர் வாயை அடைத்தாள். பக்கத்து வீட்டுப் பட்டுப்புடவையை இரவல் கேட்கலாமே என்று அப்பா மெதுவாகச் சொன்னதற்கு, "ஊரார் பொடவையைக் கட்டிக்கினு என் தம்பிக்கு முடிச்சுப் போடணுமா? அதுக்கு நான் போடாமயே இருந்துட்டுப் போறேன்" என்றாள். அப்பா அதற்கப்புறம் எதையும் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் கொடுவா வாங்கியிருந்தது. அம்மா ஆய்ந்து போட்ட செதிலையெல்லாம் நெற்றியிலும் கன்னத்திலும் மார்பிலும் ஒட்டிக்கொண்டு, அப்பாவின் துண்டை முந்தானையாகப் போட்டு, இடுப்பை ஒடித்து, "பெரிய எடம்க்கா!" என்று சித்தி மாதிரி முற்றத்தில் நடந்து காட்டினேன். சிரிப்பு வரும், அல்லது அகப்பை பறந்து வரும். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். இரண்டும் வரவில்லை. அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்தாள்.

"அப்டியே நில்லுடா. வெயிலுக்குத் திரும்பு. இன்னும் கொஞ்சம் திரும்பு."

என்னை ஒரு மனுஷி அவ்வளவு ஆச்சரியமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பார்த்தது என்னை அல்ல என்பது எனக்கு விளங்க வெகுநேரம் பிடித்தது.

மறுநாளிலிருந்து அம்மா மீன் கடைக்கு மண்சட்டியோடு போனாள். "இன்னாடி அஞ்சலை, மீனை உட்டுட்டுச் செதிலை அள்ளிக்கினு போற? உங்க வூட்ல அம்மாம் பஞ்சமா?" என்று மீன்காரிகள் சிரித்தார்கள். "ஆமா, நல்லதா பாத்துப் போடு" என்று அம்மாவும் சிரித்தாள். கொண்டுவந்த செதிலைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, சீயக்காய் போட்டு அலசி, புளித்தண்ணீரில் இன்னொரு தடவை அலசுவாள். ஈரமாக இருக்கும்போதே ஊசியால் காது குத்துவாள். காய்ந்தால் அது நகம்போல இறுகிவிடும், அப்புறம் ஊசிதான் உடையும். சுருண்டுகொள்ளாமல் இருக்க இரண்டு பலகைக்கு நடுவே பரப்பி, மேலே குழவியை ஏற்றி வைப்பாள். குழவி உருளாமல் இருக்க அதன்மேல் என்னை உட்கார வைத்தாள். அந்தப் புடவையில் என் உழைப்பு அது ஒன்றுதான். ஆனால் முழு மனதோடு உட்கார்ந்தேன்.

முந்தானைக்கு வேண்டிய செதிலை மட்டும் மஞ்சள் தண்ணீரில் போட்டாள். எடுத்தபோது அது மஞ்சளாக இல்லை, பொன்னாக இருந்தது.

துணிக்கு அப்பா அகப்பட்டார். துறைமுகத்தில் 'மல்லாட்டை' மூட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது, எடை போடுகிற வேலை அவருக்கு. விசேஷத்துக்கென்று மல் வேட்டி இரண்டு வைத்திருந்தார். எட்டு முழம் இரண்டு சேர்ந்தால் பதினாறு முழப் புடவை. கேட்டால் கொடுப்பாரோ என்னவோ என்று அம்மா கேட்கவில்லை. சாயக்காரரிடம் கொடுத்து அவுரியில் முக்கி, வெளிறிய வானமாகக் கொண்டுவந்து கொடியில் போட்ட பிறகு சொன்னாள்.

"அப்ப நான் இன்னாத்தக் கட்டிக்கினு கல்யாணத்துக்கு வர்றது?"

"உங்களை யாரு பாக்கப் போறாங்க?"

அப்பா நியாயம் கேட்டு என் பக்கம் திரும்பினார். நான் குழவிமேல் இருந்தேன். கடமை நேரத்தில் பேச்சுக் கூடாது.

தைத்து முடித்த அன்று, சாம்பிராணிப் புகை பிடித்து, அம்மா அதை முற்றத்தில் விரித்து உதறினாள். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பார்த்துவிட்டேன்; தேர் பார்த்தேன், பட்டாபிஷேகம் பார்த்தேன், பட்டணத்து விளக்கெல்லாம் பார்த்தேன். ஆனால் எங்கள் ஓட்டு வீட்டுச் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஓடியதை, வாசலில் போன பால்காரர் செம்போடு நின்றுவிட்டதை, தன் வேட்டி போனதை அப்பா மன்னித்த முகத்தை நான் மறுபடி எங்கும் பார்க்கவில்லை. சித்தியின் சம்கி பளிச்சென்று கண்ணில் குத்தும். இது குத்தவில்லை. முழு நிலா பட்ட தண்ணீர் மாதிரி உள்ளேயிருந்து வந்தது.

ரயிலில் சிதம்பரம் புறப்பட்டோம். புடவை வைத்த பெட்டியிலிருந்து சாம்பிராணியையும் மீறி ஒரு வாடை கிளம்ப, எதிரே இருந்தவர் எங்களை ஒவ்வொருவராக ஆராய ஆரம்பித்தார். நல்லவேளையாகப் பரங்கிப்பேட்டையில் மீன்கூடைக்காரிகள் ஏறினார்கள். பழியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஸ்டேஷனுக்கு மாமா வந்திருந்தார். புடவையைப் பிரித்துக் காட்டியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கக்கா எடுத்த இதை?" என்றார். அம்மா அவர் காதில் சொன்னாள். கலங்கிய கண் அப்படியே நிலைகுத்திவிட்டது.

"அக்கா, போச்சுக்கா! எங்க மாமனாரு வடலூரு ஜோதி பாத்துட்டு வந்ததுலேர்ந்து கவுச்சியை விட்டவரு. வூட்டுக்குள்ள மீனுன்னு பேசக்கூட மாட்டாரு. பொண்ணு கேக்கறப்ப, எங்க வூட்லயும் அக்கா விட்டுட்டாங்கன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். இது தெரிஞ்சா தாலியை எடுத்த கையோட என்னை எழுப்பி உட்ருவாருக்கா!"

"எப்படா விட்டேன் நான்?"

"நான் சொன்ன அன்னிக்குத்தான்."

அம்மா புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சித்தியிடம் மாற்றுப் புடவை இருக்கும், கேட்டு வாங்கவா என்று மாமா கெஞ்சினார். கட்டிய புடவையோடு கீழே நின்றுகொள்ளலாம், சித்தி முடிச்சுப் போடட்டும் என்று அப்பாவும் சொன்னார்.

"நான் திருடலை. பொய்யும் சொல்லலை, சொன்னவன் நீ. இதைத்தான் கட்டுவேன், நான்தான் முடிச்சுப் போடுவேன்" என்றாள் அம்மா. குரல் நடுங்கியது. கூறைப்புடவை விற்ற அன்றைக்குக்கூட நடுங்காத குரல் என்று அப்பா பிற்பாடு சொல்வார்.

மறுநாள் காலை, தெற்கு வீதியில் பந்தலுக்குள் அம்மா நுழைந்தபோது நாயனக்காரர் ஒரு மூச்சு தவறி வாசித்தார். பெண் வீட்டு ஜார்ஜெட்டுகளெல்லாம் திரும்பின. சித்தி மட்டும் கிட்ட வந்து, விரலை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டு, "எந்த ஊருக்கா?" என்றாள். அம்மா, "கடலூர்தான்" என்றாள். பாத்திரக்கடைக்காரரே வந்து கும்பிட்டு, "இந்தச் சம்கி நம்ம பக்கத்துச் சரக்கா தெரியலீங்களே?" என்று கேட்டார். "கடல்லேர்ந்து வந்ததுங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "அதானே பாத்தேன்! கப்பல் சரக்கு!" என்று அவர் எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். மாப்பிள்ளைக் கோலத்தில் மாமா வியர்த்துக் கொட்டினார். அப்பா எங்கிருந்தோ வாங்கிய நாலு முழ வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால் கும்பிடக்கூட முடியவில்லை.

மணவறையில் அம்மா பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றாள். பந்தலின் பக்கக் கீற்று இடுக்கு வழியாக வெயில் அப்போதுதான் உள்ளே சாய்ந்தது. அவள் மூச்சு விட்டால் போதும், பந்தலின் வெள்ளை விதானமெங்கும் வெளிச்சப் பொட்டுகள் கூட்டமாக நீந்தின. அய்யர் மேலும், மாமா மேலும், குனிந்திருந்த பெண்ணின் கன்னத்திலும் நீந்தின. 'கெட்டி மேளம்' சொல்ல வேண்டியவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். என் அம்மா, தினமும் எனக்குச் சோறு போட்டுத் திட்டுகிற அதே அம்மா, அந்த நேரத்தில் எனக்குக் கூப்பிடவே பயமாக இருந்த ஒருத்தியாக நின்றாள்.

மேளம் கொட்டியது. மாமா முதல் முடிச்சைப் போட்டார். அம்மா குனிந்து சரட்டை வாங்கினாள். அப்போது பூனை வந்தது.

வெள்ளைப் பூனை. அந்த வீட்டில் பிறந்து, தயிர்ச்சோறும் பாலுமாக வளர்ந்தது. மீன் என்றால் என்ன என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மணவறையில் ஏறி, அம்மாவின் முந்தானையைப் பல்லால் பற்றி, ஒரு பொன் செதிலைப் பிய்த்து, ஊருக்கே கேட்க 'கறுக் கறுக்'கென்று மென்றது. பாத்திரக்கடைக்காரரின் புருவம் ஏறியது. பூனை அடுத்ததற்கு வாய் வைத்தது. இரண்டு கையிலும் தாலிச்சரடு. அம்மா விட முடியாது, விரட்ட முடியாது. சித்தி ஒரு படி ஏறிவிட்டாள்.

அப்போது குனிந்திருந்த பெண் கையை நீட்டி, பூனையைக் கழுத்தோடு தூக்கி, மாலைக்குள் மடியில் அமுக்கிக்கொண்டாள்.

"என்னைப் பிரிய மனசில்லாம வந்துட்டுதுப்பா" என்றாள்.

"பாரேன், வாயில்லாச் சீவனுக்கு இருக்கற பாசத்தை!" என்று ஒரு பெண்மணி மூக்கைச் சிந்தினாள். பாத்திரக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அடுத்த முடிச்சைப் போட்டாள், அதற்கடுத்ததையும் போட்டாள். சித்தி ஏறிய படியிலிருந்து இறங்கினாள்.

அம்மி மிதிக்கப் போகும்போது அந்தப் பெண், என் தில்லை அத்தை, அம்மாவின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நான் அம்மாவின் முந்தானைக்குக் காவலாக ஒட்டிக்கொண்டே நடந்தேன்.

"கொடுவாதானே அண்ணி? நீங்க குனிஞ்சப்பவே தெரிஞ்சுட்டுது. அப்பா விட்டாரு, நாங்க எங்க விட்டோம்? வாசம் பாத்தே எத்தினி காலம் ஆச்சு! மறுவீட்டுக்கு வர்றப்ப கொழம்பு வெப்பீங்களா?"

அதுவரை அழாத அம்மா அப்போதுதான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுததால் எல்லோரும் அதைத் தம்பிப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் புடவை ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. எறும்பு பாதியும் தெருப் பூனைகள் மீதியும் பங்கு போட்டன. அம்மா தையலைப் பிரித்து வேட்டிகளை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் வெகுகாலம் துறைமுகத்துக்கு வானத்தைக் கட்டிக்கொண்டு போய்வந்தார்.

போன மாதம் பேத்தி கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனோம். கண்ணாடிக்குள் ஒரு ஆகாய நிறப் பாவாடை, உடம்பெல்லாம் சம்கி. 'டிசைனர் பீஸ், தாத்தா' என்று கடைப் பெண் சொன்ன விலைக்கு அந்தக் காலத்தில் எங்கள் தெருவையே வாங்கிப் பூட்டியிருக்கலாம். குனிந்து மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக். கடைப் பெண் என் பேத்தியைப் பரிதாபமாகப் பார்த்தாள். மீன் கடைப் பக்கம் செதில் இன்றைக்கும் கொட்டித்தான் கிடக்கிறது. அம்மாவும் இல்லை, தில்லை அத்தையும் இல்லை, மணவறையில் ஏறி உண்மையைச் சொன்ன அந்த வெள்ளைப் பூனையும் இல்லை.

பாவாடையை வாங்கிவிட்டோம், வேறென்ன செய்வது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தேன். ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.