தெற்குச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி

இந்த நாட்டில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களைவிட, கண் கூச வெயில் எறிக்கும் நாட்களில்தான் குளிர் கடுமை. இதை நம்ப எனக்கு இரண்டு பனிக்காலம் பிடித்தது. யன்னலால் வெயிலைப் பார்த்துவிட்டு மெல்லிய சட்டையோடு குப்பை வைக்கப் போய், காது விறைக்கத் திரும்பி ஓடி வந்திருக்கிறேன். ஊரில் மத்தியான வெயிலுக்கு யன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் படுத்திருந்தவர்கள் நாங்கள்.

வோபர்ன் பகுதியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்னறை, யாரோ பிறகு ஒட்டிக் கட்டியது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் காற்று அங்கே வராது. அதைத்தான் அம்மாவுக்கென்று ஒதுக்கியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வவுனியா முகாமில் இருந்த அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது.

வேலை செய்த தொழிற்சாலை மூடிய பிறகு என் கணவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் நூலகத்துப் புத்தகமொன்றை விரித்து வைத்துக்கொண்டு, "மாமியின்ர அறைக்கு நான் ஒண்டு செய்யிறன்" என்றார். பலகையில் ஆழமில்லாத பெரிய பெட்டி. உள்ளே கறுப்புப் பெயின்ற் அடித்த தகரம், மேலே, யாரோ தெருவில் எறிந்துவிட்ட யன்னல்களின் கண்ணாடி. அதைத் தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் பொருத்திச் சுவரில் இரண்டு துளைகள் போட்டார். அறையின் குளிர்காற்று கீழ்த்துளையால் பெட்டிக்குள் போய், வெயிலில் சூடேறி, மேல்துளையால் திரும்பி வரவேண்டும். வெயில் இறங்கியதும் துளைகளை மூடிவிட வேண்டும்.

"சுவரை ஓட்டையாக்கிப் போட்டியள். வேலை செய்யாட்டி?"

நான் கேட்கக் கேட்க, அவர் துளைகளுக்கு மூடி அறுக்கத் தொடங்கினார்.

முதல் வெயில் நாளில், வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இத்தாலிய அயலவர் மரியாவை என் கணவர் உள்ளே கூப்பிட்டார். மரியா மேல்துளையில் கையை வைத்து, "கல்டோ! கல்டோ!" என்று கத்தினார். இவர் முகம் செத்துப்போயிற்று. "கோல்ட், குளிர் எண்டு சொல்லுறா" என்று என்னிடம் முணுமுணுத்தார். மரியாவோ கோட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டு, கையால் விசிறிக்கொண்டு சிரித்தார். அவர்களுடைய பாஷையில் கல்டோ என்றால் சூடாம். அன்றைக்கு இவர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச்சில் ஒரு காலை, வவுனியாவிலிருந்து அம்மா போன் எடுத்தார்.

"அம்மா, உங்கட அறை இப்ப நல்ல சூடு. இவர் தகரத்துக்குக் கறுப்படிச்சு வெயிலைப் பிடிச்சு விட்டிருக்கிறார்."



"இஞ்சயும் கூரை தகரம்தான் பிள்ளை. வெக்கை தாங்கேலாமல் நேற்றுத்தான் மேல தென்னோலைக் கிடுகு போட்டவங்கள். மருமோனிட்டைச் சொல்லு, அறையை உப்பிடிக் கொதிக்க விடவேண்டாமெண்டு."

ஓம் என்றேன். பின்னறைக்குப் போனேன். விரித்து வைத்த கட்டிலின்மேல் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. மேல்துளையின் மூடியைச் சாத்துவதா, விடுவதா என்று தெரியாமல் அதில் கையை வைத்தபடி நின்றேன்.