சோத்துக்குப் போலாமா

எல்லையோரத் தமிழ்க் கிராமமான கௌதள்ளியில் பிறந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சொர்ணலதா. புருஷன் வேலாயுதத்துக்கு மைசூர் ஹெப்பாள் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. மேட்டகள்ளியில் பசம்மாவின் வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் குடியேறினார்கள். அவளுக்குக் கன்னடம் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்ததே கன்னடம்தான். ஆனால் பசித்தாலும் கோபம் வந்தாலும் வாயில் வந்தது தமிழ். அது பிறந்த வீட்டுப் பேச்சு, யார் என்ன செய்ய முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலாயுதம் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தான். சொர்ணலதா வாசலில் நின்று, ஊரில் அவளுடைய அம்மா அவள் அப்பாவைக் கூப்பிடுவதைப் போலவே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, சோத்துக்கு வாங்க!"

தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கன்னடத்தில் 'ஸோத்ரு' என்றால் தோற்றுப் போய்விட்டார் என்று அர்த்தம். ஒரு பயல் ஆரம்பித்தான், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஸோத்ரு! வேலாயுதண்ணா ஸோத்ரு! பெண்டாட்டிகிட்ட ஸோத்ரு!" பசம்மா கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலாயுதமும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் சொர்ணலதாவுக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் அவன் தெருவில் நடந்தால் போதும், அந்தப் பாட்டு பின்னாலேயே போனது.

அன்றோடு அந்தச் சொல்லை அவள் விட்டுவிட்டாள். வீட்டில் சாப்பாட்டை ஊட்டா என்றாள், சோற்றை அன்னா என்றாள். ஸ்வாதி பிறந்த பிறகு தமிழே குறைந்து போனது. பஸ்ஸில் குழந்தை "அம்மா, அங்க பாரு" என்று வாயெடுத்தால் தொடையில் கிள்ளி, "கன்னடத்துல பேசு" என்பாள். ஸ்வாதிக்குத் தமிழ் என்றால் போ, வா, நில், வேண்டாம், அப்பா திட்டும் இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். கௌதள்ளிக்குப் போனாலும் அங்கே சித்தி பிள்ளைகள் கன்னடத்தில் பேசிவிடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்குச் செஸ் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மழை நாளில் பலகையை விரித்துக் கொடுத்தார்களாம். அப்புறம் வீட்டில் சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் குதிரையும் யானையும் நிற்க ஆரம்பித்தன. தாலுகாவில் ஜெயித்தாள், ஜில்லாவில் ஜெயித்தாள். மாநிலப் பள்ளிப் போட்டி அந்த வருஷம் மைசூரிலேயே, ஒரு பெரிய பள்ளியின் ஹாலில் நடந்தது. முதலில் வரும் சில பெண்களைச் சேர்த்து வெளி மாநிலத்துக்கு ஆட அனுப்புவார்கள். ஸ்வாதி அந்தச் சட்டையைக் கனவில் கண்டுகொண்டிருந்தாள், முதுகில் மாநிலத்தின் பெயர் எழுதிய சட்டை.

ஹாலுக்குள் பெற்றவர்களை விடமாட்டார்கள். ஆனால் தண்ணீர் கொடுக்கவும் சாப்பாடு பரிமாறவும் சில அம்மாக்களைக் கேட்டிருந்தார்கள். சொர்ணலதா முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள். மகள் பக்கத்தில் நிற்கலாமே என்ற ஆசை. சேலையில் ஒரு ரிப்பனைக் குத்திக்கொண்டு சுசித்ரா என்கிற இன்னொரு அம்மாவோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வக்கீலின் பெண்டாட்டி சுசித்ரா, நல்ல குணம்தான். அவளோடு நிற்கும்போது சொர்ணலதாவின் கன்னடம் இன்னும் சுத்தமாகிவிடும்.

கடைசிச் சுற்றில் ஸ்வாதிக்கு எதிரே உட்கார்ந்தவள் மனிஷா. கோபிநத்தத்துப் பெண். ஸ்வாதியின் தோளுக்குக்கூட வரமாட்டாள், கால் தரையில் எட்டவில்லை. காலையில் கேட்டில் அவளுடைய அப்பா லிங்கப்பன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது சொர்ணலதாவின் காதில் விழுந்திருந்தது. பிள்ளை மேட்டூரில் அம்மாயி வீட்டில் படித்தாள், இந்த வருஷம்தான் இங்கே கன்னடப் பள்ளியில் சேர்த்தேன், இன்னும் பேச்சு பிடிபடவில்லை, ஆனால் காய் நகர்த்தப் பேச்சு எதுக்கு என்று அவன் சிரித்தான். மனிஷா ஜெயித்தால் அனுப்பும் பட்டியலில் அவள் பெயர் வரும். ஸ்வாதிக்கும் அப்படியே. தோற்றவளுக்கு ஒன்றும் இல்லை.

ஆட்டத்துக்கு முன்னால் சொர்ணலதா தண்ணீர்த் தட்டோடு வந்தபோது மனிஷா அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தை, தண்ணி குடுங்க."

கௌதள்ளிப் பேச்சு. சொர்ணலதாவின் அப்பன் வீட்டுப் பேச்சு. பக்கத்தில் சுசித்ரா நின்றிருந்தாள். "தகோ மகளே", வாங்கிக்கொள் என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டுச் சொர்ணலதா நகர்ந்துவிட்டாள்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. மற்றப் பலகைகள் எல்லாம் முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள். சமையல் வாசனை ஹாலுக்குள் வந்துவிட்டது. ஸ்வாதியின் முறை. இரண்டு காதையும் கையால் அடைத்துக்கொண்டு பலகையைக் குடைந்துகொண்டிருந்தாள். அவளுடைய முகம் சரியில்லை என்பது செஸ் தெரியாத சொர்ணலதாவுக்கும் தெரிந்தது. பெற்றவளுக்கு அது தெரியும். இந்தப் பக்கம் மனிஷா நெளிந்தாள், வயிற்றைப் பிடித்தாள், கடைசியில் பலகை மேல் சாய்ந்து மெல்லக் கேட்டாள்.

"அக்கா, சோத்துக்குப் போலாமாக்கா?"

அடைத்த காதிலும் ஸ்வாதிக்கு அது விழுந்தது, ஆனால் அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. பின்னால் வந்து நின்ற நடுவர் நஞ்சுண்டசாமிக்கு 'ஸோத்' என்றது மட்டும் விழுந்தது. அவர் பாவம், காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த மனிதர். குனிந்து அன்பாகவே கேட்டார்.

"ஸோத்யாம்மா?"

தோற்றுவிட்டாயா என்று அவர் கேட்டார். சோறு வேண்டுமா என்று பிள்ளை புரிந்துகொண்டது. முகம் மலர்ந்து தலையை ஆட்டியது. "ஆமாங் சார்!"

இவ்வளவு சந்தோஷமாகத் தோற்கிற பிள்ளையை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது, தலையில் தட்டிக் கொடுத்தார். கடிகாரத்தை நிறுத்தினார். "ஹோகு, ஊட்டா மாடு" என்றார், போய்ச் சாப்பிடு என்று. ஊட்டா மனிஷாவுக்குத் தெரிந்த சொல். ஸ்வாதி நிமிர்ந்து பார்த்து, நம்ப முடியாமல் கையை நீட்டினாள். மனிஷா அந்தக் கையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் செருப்பை மாட்டாமலே ஓடிவிட்டாள். "ஏய், கையெழுத்து!" என்றார் நஞ்சுண்டசாமி. பிறகு, சரி, சாப்பிட்டு வரட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்தபோது சொர்ணலதா இரண்டு எட்டுத் தள்ளித் தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தாள். அந்த ஹாலில் இரண்டும் புரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

பயம், அந்தச் சொல்லை அத்தனை பேர் நடுவில் சொல்ல நாக்கு வரவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள். அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. பாதிதான் பயம். மீதிப் பாதி அந்தச் சட்டை. ஸ்வாதி ஓடிவந்து "அம்மா, கெத்தே!" என்று இடுப்பைக் கட்டிக்கொண்டபோது, ஜெயித்துவிட்டேன் என்று பிள்ளை சொன்னபோது, தாய்க்கு உடம்பெல்லாம் குளிர்ந்துதான் போயிற்று.

பரிமாறப் போனாள். கை கரண்டியைப் பிடித்தது, மனசு வேறெங்கோ இருந்தது.

"ஏன்ரீ சொர்ணா, மகளு கெத்லு, ஸ்வீட் எல்லி?" என்று இனிப்புக் கேட்டுச் சுசித்ரா தோளில் இடித்தாள். சொர்ணலதா சிரித்து வைத்தாள்.

வரிசையில் தட்டோடு மனிஷா வந்து நின்றாள். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது கலவைச் சோறா? வெறுஞ்சோறு இருக்குதுங்களா அத்தை?" என்றாள். கேட்டுவிட்டு, புரியாதோ என்று நினைத்து, விரலால் வெள்ளைச் சாதத்தைக் காட்டினாள்.

சொர்ணலதா ஒரு கரண்டி வைத்தாள். பிள்ளை அதே இடத்தில் நின்று பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, தனக்குத் தானே பேசுகிற மாதிரிப் பேசியது. "சீக்கிரம் தின்னுட்டுப் போயி ஆடோணும். அந்தக்கா யானைய எடுத்தாலும் நாந்தான் ஜெயிப்பேன். எடுக்காட்டியும் நாந்தான். அதான் அத்தன நேரம் யோசிக்குது. எங்கப்பன் வேற, கொள்ளேகாலத்துல எங்கூரு மலை பஸ்சு போயிரும்னு கேட்டுல குதிச்சிட்டு நிக்குது."

சாப்பிட்டுவிட்டுப் போய் ஆட வேண்டும். பிள்ளை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. சொர்ணலதாவின் கை கரண்டியோடு நின்றுவிட்டது.

"மெதுவாத் தின்னு கண்ணு. விக்கிக்கும்."

மனிஷா பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்குத் தமிழ் வருமா! அப்பறம் ஏனுங் காலைல தண்ணி கேட்டப்ப கன்னடத்துல பேசுனீங்க?"

கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. சொர்ணலதா கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஹாலுக்குள் நடந்தாள்.

நஞ்சுண்டசாமி காய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பரிசுக் கோப்பைகளை மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சொர்ணலதா கன்னடத்தில் சொல்லத் தொடங்கி, அந்த ஒரு சொல் வந்ததும் தடுக்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். "அது தோற்றுவிட்டேன் என்று சொல்லவில்லை சார். சோத்துக்குப் போகலாமா என்று கேட்டது. எங்கள் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு."

யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். நஞ்சுண்டசாமி சிரிக்கவில்லை. அவளையும் கரண்டியையும் பார்த்தார்.

"நீங்கள் அங்கேயேதானே நின்றிருந்தீர்கள் அம்மா? அப்போதே ஏன் சொல்லவில்லை?"

கோப்பை அடுக்கியவர்களும் கை நிறுத்தினார்கள். தெருப் பிள்ளைகள் அன்று பாடியது இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. சொர்ணலதாவுக்குக் கண் தரையை விட்டு எழவில்லை. ஸ்வாதி எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியாது.

"அம்மா, சோத்துன்னா என்ன?"

"ஊட்டாடா."

"அது எனக்குத் தெரிஞ்சிருந்தா அப்பவே நானே சார்கிட்ட சொல்லியிருப்பேன்." ஸ்வாதியின் உதடு நடுங்கியது. கன்னடத்தில்தான் சொன்னாள், மெல்லத்தான் சொன்னாள். "இப்ப எல்லாரும் நான் திருடின மாதிரி பாக்கறாங்க. நீ பாக்க வெச்சுட்ட."

மனிஷா இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதால் ஆட்டம் முடியவில்லை என்று நஞ்சுண்டசாமி தீர்த்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் எழுதி வைத்திருந்த ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் காய்களை மறுபடி அடுக்கினார். கடிகாரம் மறுபடி ஓடியது. மனிஷா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தான் இல்லாத நேரத்தில் என்ன ஆனது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொர்ணலதாவை வெளியே நிற்கச் சொன்னார்கள். ரிப்பனைக் கழற்றி வாங்கிக்கொள்ளவில்லை, அதை அவளே கழற்றினாள்.

வெகுநேரம் ஆகவில்லை. முதலில் மனிஷா வந்தாள், லிங்கப்பன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "அத்தை, சொன்னேனில்ல!" என்று மேலேயிருந்து கை ஆட்டினாள். பின்னால் ஸ்வாதி வந்தாள். பையை எடுத்தாள். பரிசளிப்புக்கு நிற்காமல் இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

பஸ்ஸில் தாயும் மகளும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். ஸ்வாதி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். செய்தது சரிதான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள் சொர்ணலதா. சரியானதை உரிய நேரத்தில் செய்திருந்தால் ஸ்வாதி நிமிர்ந்து நடந்து தோற்றிருப்பாள். இப்போது குனிந்து தோற்றாள். அந்த வித்தியாசம் முழுக்கத் தன் கணக்கில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. யாராவது வந்து, போகட்டும் விடு என்று சொன்னால்கூட அவள் கேட்டிருக்க மாட்டாள்.

வாசலில் பசம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே, ஜெயித்தாளா தோற்றாளா என்று கேட்டாள். "ஏனாய்த்து? கெத்லோ, ஸோத்லோ?"

"ஸோத்லு" என்று சொன்னாள் ஸ்வாதி. தன்னைத்தான் சொல்கிறாளா, தாயைச் சொல்கிறாளா, தெரியவில்லை. நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் அந்தப் பிள்ளை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சொர்ணலதா உலை வைத்தாள், ரசம் வைத்தாள், ஸ்வாதிக்குப் பிடிக்குமே என்று அப்பளம் பொரித்தாள். விளக்குப் போடும் நேரத்துக்கு வேலாயுதம் ஷிஃப்ட் முடிந்து வந்து, அவள் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனான். தட்டை வைத்தாள். கதவுப் பக்கம் திரும்பி, வெளியே பசம்மாவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"ஸ்வாதி, சோத்துக்கு வா கண்ணு."

வேலாயுதம் தலை நிமிர்ந்து பார்த்தான். உள்ளே போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்குச் சோறு வேண்டாம்."

முதல் தடவையாகச் சொன்னாலும் அந்த 'று' பிசகாமல் வந்தது. சொர்ணலதா தட்டை மூடி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.